பாசி சாரின் நாக்கு

அவர் குடித்த கஞ்சியில் உப்பு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்த கூத்தெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம், கோவளத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்க அறைக்கு அவர் குடிவந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு டிரங்குப் பெட்டி, மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர், அப்புறம் மாட்டுவண்டி நிறையத் தேங்காய் நார்க் கயிறு. சர்க்கார் அனுப்பிய ஆள். கடலும் ஆற்றுத் தண்ணீரும் கலந்து நிற்கிற முட்டுக்காட்டுக் கழியில் கடல்பாசி பயிர் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் குப்பத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். வந்த வாரமே குப்பத்தில் ‘பாசி சாரு’ என்று பேர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பேர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை.

என் வீட்டுக்காரர் சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்தார். மாதத்துக்கு இரண்டு முறை வந்து, தூங்கி எழுந்து போவார். வீட்டில் நானும் என் மாமியாரும்தான். பிள்ளை இல்லை. பயிற்சிக்கு வருகிறவர்கள் பேரை ரெஜிஸ்டரில் எழுத ஒரு படித்த பெண் வேண்டும் என்று அவர் கேட்டார். நான் எட்டாவது வரை படித்தவள். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சும்மா செவுத்தப் பாத்துகினு குந்திகினுகீற, போய்த்தான் வாயேன்” என்றார். அப்படித்தான் நான் போனேன்.

கழித் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்க ஆபீசில் ஒரு கண்ணாடிக் கருவி கொடுத்திருந்தார்கள். பஸ்ஸிலிருந்து பெட்டியை இறக்கும்போதே அது உடைந்துபோயிற்று. வேறு அனுப்பச் சொல்லி மாதம் ஒரு கடிதம் எழுதினார். கடிதம் போனதுதான் மிச்சம். அவருக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. தெற்கே ராமநாதபுரம் கரையில் பாசி எடுக்கிற குடும்பத்தில் பிறந்தவர். உள்ளங்கையில் தண்ணீரை அள்ளுவார், நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார், துப்புவார். “ரெண்டு பங்கு கடல், ஒரு பங்கு ஆறு” என்பார். காலையும் மாலையும், கழியில் ஆறு இடத்தில் இது நடக்கும். அந்த நாக்கைக் காப்பாற்றத்தான் உப்பில்லாத கஞ்சி. உப்பு தின்ற நாக்கு பொய் சொல்லும் என்பார். உப்புக்குப் பழகிய வாய்க்குக் கழித் தண்ணீர் சப்பென்று இருக்குமாம்.

இது தெரியாமல் முதல் வாரம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. மாமி வஞ்சிர மீன் குழம்பு வைத்து, குடிவந்தவருக்கு முதல் சாப்பாடு நம் வீட்டில் என்று கொடுத்தனுப்பினார். தட்டு அப்படியே திரும்பி வந்தது. மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. “இன்னா, நம்ம கை பட்டா ஆவாதாமா? துலுக்க வூட்ல குடியிருக்க மட்டும் ஆவுமா?” என்று அவர் காதில் விழும்படிக் கத்தினார். அவர் ஓடிவந்து வாசலில் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, நாக்கு விஷயத்தை, கருவி உடைந்த விஷயத்தை, எல்லாம் சொன்னார்.

மாமி நம்பவில்லை. “உப்பு துன்னாம மனுசன் உசுரோட இருப்பானா?”

“இருக்கேனேத்தா” என்றார் அவர்.

அந்த ‘ஆத்தா’ எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லாத வார்த்தை. மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை முடிந்தது. ஆனால் குப்பத்திலும் இதே கதைதான். யார் வீட்டில் எது கொடுத்தாலும் கையெடுத்துக் கும்பிடுவார், வாங்க மாட்டார். “உப்பு போட்டு துன்ற மனுசனா இருந்தா சூடு சொரணை இருக்கும்” என்று ஆண்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அதுவும் அவருக்குக் கேட்டிருக்கும்.

பயிற்சிக்கு வந்த பெண்கள் ஆறு பேர். அவர்களில் கன்னியம்மாதான் தலைவி மாதிரி. மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கேளம்பாக்கம் வரை நடந்து விற்கிறவள். வாயும் அந்தத் தூரம் போகும். ஒருநாள் அவள் ஐந்து சொம்புகளில் தண்ணீர் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். ஒன்றில் கடல், ஒன்றில் கழி, ஒன்றில் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு, இப்படி. அவர் ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துச் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்தாவதில் கொஞ்சம் நின்றார். “இது வெறும் கெணத்துத் தண்ணி. ஆனா கருவாட்டுக் கையோட மொண்டிருக்கீக” என்றார். கன்னியம்மா தன் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, “அய்ய, மனுசனா பூனையா இது!” என்றாள். அன்று முதல் அவர் சொன்னால் சொன்னதுதான்.

வேலை எளிதுதான், ஆனால் பொறுமை வேண்டும். கயிற்றின் முறுக்கைக் கட்டைவிரலால் கொஞ்சம் பிரித்து, விதையாக விரல்நீளப் பாசித் துண்டை உள்ளே செருகி, முறுக்கை விட்டுவிட வேண்டும். சவுக்குக் கம்பு நட்டு, கயிற்றைத் தண்ணீருக்குள் கட்டிவிட வேண்டும். சேறு படிந்தால் பாசிக்கு மூச்சு முட்டும், தினமும் இறங்கி உலுப்பிவிட வேண்டும். பின்னலில் பூச் செருகுகிற கைகள். பெண்கள் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார்கள். அவருக்குத்தான் அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டது பிடிக்கவில்லை என்று எனக்குப் பட்டது.

ஏனென்றால் அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பாடம் முடிந்து, பெண்கள் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தால், “ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்” என்பார். உட்காருவார்கள். நண்டு கடித்த கயிறு எப்படி இருக்கும் என்று சொல்வார். மறுபடி எழுந்தால் மறுபடி ஒன்று மறந்திருப்பார். “சாரு மறுபடியும் மறந்துட்டாருடீ” என்று கன்னியம்மா முனகுவாள். ஒருநாள் சமைக்க நேரமாகிவிட்டது என்று எல்லாரும் எழுந்தே போய்விட்டார்கள். அவர் நின்ற இடத்திலேயே நின்று, நான் ஒருத்தி இருந்தேன் என்பதற்காக, மீதிப் பாடத்தை எனக்குச் சொல்லி முடித்தார். நான் ரெஜிஸ்டரை மூடிவைத்துக்கொண்டு கேட்டேன்.

குடும்பம் எங்கே என்று மாமி ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டார். “இருந்துச்சு” என்றார். அதற்குமேல் மாமியாலேயே கேட்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பயிற்சி கிடையாது. அன்றைக்கு அவர் அறைக் கதவு திறந்தே இருக்கும், ஆனால் சாப்பிடும்போது மட்டும் சாத்திக்கொள்வார். ஒருமுறை துணி எடுக்கப் பின்பக்கம் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மருந்து குடிப்பதுபோல் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நானும் மாமி தூங்கிய பிறகு தனியாகச் சாப்பிடுகிறவள்தான் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

எங்கள் வீட்டில் அவர் வாங்கிச் சாப்பிட்டது ஒன்றே ஒன்று. ஆடியில் கட்டிய முதல் கயிறுகளில் கொஞ்சம் பாசி தேறியது. நோன்பு மாதத்தில் அதைக் காயவைத்து, வெளுக்கவைத்து, எங்கள் அடுப்பில் கொதிக்கவைத்து வடிகட்டினார். மாமி பால், சர்க்கரை சேர்த்துத் தட்டில் ஊற்றினார். ஆறியதும் கெட்டியாக உறைந்து நின்றது. நோன்பு திறக்க வருஷா வருஷம் நாங்கள் கடையில் வாங்கும் அதே கடல்பாசி. “இந்த அழுக்குலேந்தா அது வருது!” என்று மாமி தட்டை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். இனிப்பு நாக்கைக் கெடுக்காது என்பதால் அவரும் இரண்டு துண்டு சாப்பிட்டார். ஆறு பெண்களும் சாப்பிட்டார்கள். அன்றுதான் இது விளையாட்டில்லை, விற்கிற சரக்கு என்று அவர்களுக்குப் புரிந்தது.

அதன்பிறகு எல்லாருக்கும் ஒரே நினைப்பு. ஐப்பசி, கார்த்திகையில் கட்டுமரம் கடலில் இறங்காது. குப்பத்தில் அடுப்பு எரியாத மாதங்கள் அவை. கழியில் பாசி நின்றால், அந்த மாதங்களில் பெண்கள் கையில் ஒரு வேலை இருக்கும். பெரிய அதிகாரி தை மாதம் வருவதாக எழுதியிருந்தார். மழைக்காலத்தைத் தாண்டிப் பயிர் கழியில் நிற்பதை அவர் கண்ணால் பார்த்தால், குப்பத்தில் கேட்கிற பெண்களுக்கெல்லாம் கயிறும் விதையும் வரும். நிற்காவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“மழைத்தண்ணி கூடி உப்பு கொறஞ்சா, ஒரே வாரத்துல வெளுத்துக் கையில வழிஞ்சிரும்” என்று பாசி சார் சொல்லிவைத்திருந்தார். “கொறையறதுக்கு முன்னாடி அறுத்துட்டா, காய்ஞ்ச சரக்காவது மிஞ்சும். ஆனா தையில காட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது.”

“எப்பக் கொறையுதுன்னு எப்டி சாரு தெரியும்?” என்று கேட்டாள் கன்னியம்மா.

அவர் சிரித்துக்கொண்டே நாக்கை நீட்டிக் காட்டினார்.

புரட்டாசியில் மறுபடி கயிறு கட்டினார்கள். ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும், நாளெல்லாம் கழியிலேயே கிடந்த மனிதருக்குக் காய்ச்சல் வந்தது. ஸ்டவ் பற்றவைக்கக்கூட எழ முடியவில்லை. “போய் எதுனா குடு, செத்து கித்துப் பூடப் போறாரு” என்று மாமிதான் என்னை அனுப்பினார்.

நொய்க்கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனேன். முதல் நாள் உப்பு போடவில்லை. இரண்டு வாய் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் எனக்கு மனசு கேட்கவில்லை. காய்ச்சலில் கிடக்கிற மனிதருக்கு நாக்கில் என்ன பரீட்சை? ஒரு சிட்டிகை கல்லுப்பைப் பொடித்துப் போட்டுவிட்டேன். ஒரு சிட்டிகை யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஒரு வாய் குடித்தவர் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு தட்டை வழித்துக் குடித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் போட்டேன்.

தட்டைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்பதால் அவர் குடித்து முடிக்கும்வரை கதவோரம் உட்கார்ந்திருப்பேன். வெளியே மழை. அவர் மெதுவாகக் குடிப்பார். எதையாவது கேட்பார், நானும் சொல்வேன். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாத அற்பக் கதைகள்: பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் முதலாவது வந்தது, குடையைத் தொலைத்துவிட்டு அடி வாங்கியது. காய்ச்சல் ஐந்து நாளில் விட்டுவிட்டது. அவர் எட்டு நாள் படுத்திருந்தார். உடம்பில் தெம்பில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் காலை, கயிறு கட்டிய இடத்திலிருந்து கன்னியம்மா ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு மழையில் நனைந்து வந்தாள். அவர் அப்போதுதான் கஞ்சி குடித்து முடித்திருந்தார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். வெகுநேரம் மூடியிருந்தார்.

“ரெண்டு பங்கு மழை” என்றார். “கெட்டுப்போச்சு. இன்னைக்கே எல்லாத்தையும் அறுத்துருங்க.”

கன்னியம்மா சொம்பை வாங்கித் தானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். “எனக்கு நல்லாத்தான கரிக்கிது சாரு?”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். என் கையில் காலித் தட்டு இருந்தது. “அறுத்துருங்கத்தா” என்றார்.

ஐந்து பெண்கள் கொட்டுகிற மழையில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, வளர்ந்தும் வளராத பாசியை விதைகூட விடாமல் அறுத்தெடுத்தார்கள். கன்னியம்மா மட்டும், “என் கவுறு என் இஷ்டம்” என்று தன் இரண்டு கயிற்றையும் அப்படியே விட்டுவிட்டாள். சொன்னதைக் கேட்காதவள் என்று மற்றவர்கள் அவளை ஏசினார்கள்.

நாலாம் நாள், வருஷா வருஷம் செய்வதுபோல் குப்பத்து ஆண்கள் கற்பூரம் கொளுத்திவிட்டு முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல்மேட்டை மண்வெட்டியால் வெட்டிவிட்டார்கள். தேங்கியிருந்த மழைத்தண்ணீர் கடலுக்கு ஓடியது. அடுத்த ஏற்றத்தில் கடல் கழிக்குள் வந்தது. கயிறு கட்டிய இடத்தில் உப்பு குறையவே இல்லை.

தை மாதம் ஜீப் வந்தது. கழியில் கம்புகள் வரிசை வரிசையாக நின்றன, வெறுங்கயிற்றோடு. நடுவில் கன்னியம்மாவின் இரண்டு கயிறு மட்டும். முழங்கை நீளத்துக்குப் பாசி தொங்கியது, பழுப்பும் பச்சையுமாக. அதிகாரி அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது நின்னிருக்கே, மத்ததை ஏன்யா அறுத்தீங்க?” என்றார்.

“என் நாக்கு தப்புப் பண்ணிருச்சுங்கய்யா” என்றார் இவர். வேறு ஒரு சமாதானமும் சொல்லவில்லை. மழை மேல் போடவில்லை, வராத கருவி மேல் போடவில்லை.

“நாக்கை வெச்சா சர்க்கார் வேலை பாக்கறது?” அதிகாரியோடு வந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு கயிற்றை வைத்துக்கொண்டு எதையும் நம்ப முடியாது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். மாசியில் உத்தரவு வந்தது. கயிறுகளை ஒப்படைத்துவிட்டு அவர் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

பாசியை அறுத்த நாளிலிருந்து மாசி வரை நான் சரியாகத் தூங்கவில்லை. உப்பு தின்ற நாக்கு பொய் சொல்லும் என்று அவர் சொன்னதை நான்தானே ரெஜிஸ்டரில் எழுதிவைத்திருந்தேன். ஆறு வீட்டு அடுப்பை என் ஒரு சிட்டிகை அணைத்துவிட்டது என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன். பயம்தான், வேறென்ன.

அவர் போகிற அன்று குப்பத்திலிருந்து ஒருவரும் வழியனுப்ப வரவில்லை. மாமி என்னை பஸ் நிற்கிற இடம்வரை போய்விட்டு வரச் சொன்னார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்காக நின்றபோது சொல்லிவிட்டேன்.

“சார், உங்களுக்கு ஜொரம் வந்தப்ப கஞ்சில உப்பு போட்டேன். தெனிக்கும் போட்டேன். அதான் உங்க நாக்கு...”

“தெரியும்த்தா” என்றார், சாலையைப் பார்த்துக்கொண்டே. “மொத வாயிலயே தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப ஏன் குடிச்சீங்க? தண்ணி எடுத்தாந்தாளே, அன்னிக்காவது என் நாக்கு செரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொல்லியிருந்தா, ஏன் சரியில்லைன்னு கேப்பாக. உப்பு விசயம் வெளிய வரும், தெம்பு வந்தும் சும்மா படுத்துக் கெடக்கேன்னு தெரிஞ்சுபோகும். நீயும் தட்டை வச்சுட்டுப் போயிருவ. நாக்கு சொன்னது நெசமா இருந்தா எல்லாமே வழிஞ்சிருமேன்னு பயந்துதான் அறுக்கச் சொன்னேன்.” பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். “எதிர்ல ஒரு ஆளு உக்காந்திருக்கக் கஞ்சி குடிச்சுப் பதினோரு வருசமாச்சுத்தா. எட்டு நாளுதானே, பாசிக்கு ஒண்ணும் ஆயிராதுன்னு நெனச்சுப்புட்டேன்.”

கோபம் வந்தது எனக்கு. ஆறு பெண்களின் மழைக்காலத்தை இவர் எட்டு நாள் பேச்சுத் துணைக்கு விற்றுவிட்டார் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அதே நேரம், அந்தக் கதவோரம் நான் மட்டும் தட்டுக்காகவா உட்கார்ந்திருந்தேன் என்றும் கேட்டுக்கொண்டேன். அந்த எட்டு நாளும் எனக்கும் வேண்டியிருந்தது. அதைச் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ஒரு கடிதமும் அதற்குப் பிறகு வரவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேராகக் குப்பத்துக்கு நடந்தேன். பெண்கள் மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள், காது கூசுகிற வார்த்தைகளில். நான் நின்றபடியே சொன்னேன்: காய்ச்சலில் கிடந்தவருக்கு நான் திருட்டுத்தனமாக உப்பு போட்டுக் கொடுத்தேன், அதனால்தான் அவர் கணக்கு தப்பியது, தப்பு என் மேல்தான் என்று.

கன்னியம்மா கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்து என் முன்னால் வந்து நின்றாள்.

“அந்த ஆளுக்குத் தெரியாது?” என்று கேட்டாள். “அந்த நாக்குக்கா பாயம்மா தெரியாம பூட்ச்சி?”

“தெரியாது” என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்து மீனைப் பிரிக்க ஆரம்பித்தாள். அதற்கப்புறம் அவள் எங்கள் தெருவில் எத்தனையோ வருஷம் மீன் விற்றாள். எங்கள் வீட்டு வாசலில் மட்டும் கூடையை இறக்கியதில்லை.